மணல் மூட்டைகளின் மேல் ஏறிய வண்டி

நேற்றுத் தையல் அறையில் புதுப் பானை வைத்தார்கள், அக்கா. பழைய பானை அடியில் கீறி, சில நாளாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. புதுப் பானையில் ஊற்றிய முதல் தண்ணீரில் சுட்ட மண்ணின் மணம் தூக்கலாக இருக்கும். அந்த மணத்துக்காகவே எல்லோரும் எழுந்து போய் ஆளுக்கொரு பேணி அள்ளிக் குடித்தார்கள். நானும் குடித்தேன். பேணியைக் கவிழ்த்து வைக்கும்போது கண் ஜன்னல் பக்கம் போனது. உங்கள் கைமிஷின் இருந்த மேசையில் இருந்து கையை நீட்டினால் பானையைத் தொடலாம். அறையில் பானைக்கு மிகக் கிட்ட இருந்தவர் நீங்கள்தான். வந்த புதிதில் பழைய பானையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்காதவரும் நீங்கள்தான்.

உங்களோடு நான் வாய் திறந்து பேசியது குறைவு. யாரோடும் குறைவுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனம் வந்து நிறைந்தபோது படிப்பு நின்றது. சனம் திரும்பிப் போன பிறகு வீட்டில் என்னைத் திரும்ப அனுப்பவில்லை. எட்டாம் ஆண்டோடு சரி. ஆனாலும் எழுத வரும். அதனால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் வேலைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டியில், ஆரையம்பதி ரோட்டில் இருந்து எங்கள் மணல் ஒழுங்கைக்குள் திரும்பி, வியர்த்து வழிய வந்து நின்றீர்கள். நீங்கள் தைத்த ஒரு சட்டையைப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி கூப்பிட்டிருந்தார். உங்கள் கால்களை அவர் அன்றுதான் பார்த்தார். ஜன்னல் பக்கத்து மேசையைக் காட்டினார். வாசல் தரையோடு தரையாக இருந்ததால் வண்டி உள்ளே வந்தது. நாற்காலிக்கு நீங்களே மாறி உட்கார்ந்தீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"ஷெல் பட்டதா தங்கச்சி?" என்று கேட்டார், துணி வெட்டும் ஸீனத் ராத்தா. காத்தான்குடியில் இருந்து வருகிறவர். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர்.

"ஓம் ராத்தா," என்றீர்கள்.

மத்தியானம் பொத்தான் தைக்கும் பிள்ளை அதையே கேட்டபோது, "சின்னதில காய்ச்சல் வந்து சூம்பினது," என்றீர்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்த நான் திகைத்துப் பார்த்தேன். நீங்கள் என் பக்கம் குனிந்தீர்கள். "ஷெல் எண்டா ஐயோ எண்டுவாங்க. காய்ச்சல் எண்டா விதி எண்டுவாங்க. ஆள் மாறி ஆள் கேப்பாங்க, நானும் மாறி மாறிச் சொல்லுவன். உனக்கு எது வேணும் புள்ள?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ச்சல்தான் உண்மை என்று பிறகு உங்கள் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை முதலில் கண்டவர் ராத்தா. பத்து மணித் தேநீரை வேண்டாம் என்று தள்ளினீர்கள். சாப்பிட்ட கையைக்கூட ஈரத் துணியில் துடைத்தீர்களே தவிர, பேணியைத் தொடவில்லை.

"என்ன புள்ள, நோன்பா?"

"எனக்கு வருஷம் முழுக்க நோன்பு ராத்தா. பெருநாள்தான் வருகுதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். உதடு வெடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

கக்கூஸ் பின் முற்றத்தில், வாவிக் கரைப் பக்கமாக இருந்தது. மாரியில் வாவி பெருகி முற்றம் வரைக்கும் தண்ணீர் வரும் என்பதால் அதை உயர்த்திக் கட்டி, படி வைத்து, இடுக்கமான ஒரு கதவும் போட்டிருந்தார்கள். எங்களுக்கு அது நல்ல கக்கூஸ். வெள்ளத்திலும் கால் நனையாது. உங்களுக்கு அது வாவிக்கு அக்கரையில் இருந்த மாதிரி.

பின்னேரம் வேலை முடிந்ததும் நீங்கள் யாருக்கும் நிற்காமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போவீர்கள். வழி ஒன்றென்பதால் நான் பக்கத்தில் நடந்து, சில நேரம் ஓடி வருவேன். ரோட்டில் ஆமியின் சோதனை. பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் இறங்கி நடந்து அடையாள அட்டை காட்டிப் போகவேண்டும். உங்களையும் "இறங்கு" என்பார்கள். ஏலாது என்று கால்களைக் காட்டியதும் வண்டியின் இருக்கையைத் தூக்கிப் பார்ப்பார்கள், அடியில் குனிந்து பார்ப்பார்கள். ஒரு நாள் வாகனத் தொடர் வருகிறது என்று எல்லோரையும் ஓரத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வெயில் இறங்கும் வரைக்கும் விடவில்லை. நீங்கள் வண்டியின் கைபிடியை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"புள்ள, ஏதாவது கதை சொல்லு."

எனக்கு என்ன கதை தெரியும். விழித்தேன்.

"சிரிப்புக் கதை வேணாம். சிரிச்சனெண்டா முடிஞ்சுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காலையில் வீட்டை விட்டு வெளிக்கிட்டால் வீட்டுக்குத் திரும்பும் வரைக்கும் உங்களுக்குப் போக இடம் இல்லை. அதனால்தான் பானையைத் தொடவில்லை. அன்று நான் ஒரு கதையும் சொல்லவில்லை. உங்கள் கைபிடியின் ஓரத்தில் என் கையையும் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாதமே காய்ச்சலோடு இடுப்பு வலியும் வந்து உங்களை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். திரும்பி வந்தபின் அங்கே நடந்ததை எங்களுக்கு நடித்துக் காட்டினீர்கள். டொக்டர் உங்கள் அம்மாவிடம் கேட்டாராம், பிள்ளை ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று. அம்மா பெருமையாகச் சொன்னாராம்: "என்ர புள்ளைக்குச் சின்னதில இருந்தே தாகம் எடுக்கிறல்ல டொக்டர்."

"நான் படுத்த படுக்கையில கையைத் தூக்கினன்," என்றீர்கள். "தாகம் இருக்கு டொக்டர், போகத்தான் இடமில்ல எண்டன். மனிசன் ஊசியைக் கையில வச்சுக்கொண்டு நிண்டார். அதுக்கு மருந்து அவரிட்ட இல்லயாம்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அங்கேதான் நின்றார். அவர் கெட்டவர் இல்லை. உங்கள் மேசைக்கு வந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏன் புள்ள இவ்வளவு கஷ்டப்படுறாய்? மிஷினை உன்ர வீட்டுக்கே அனுப்புறன். துணியும் வரும். வீட்டில இருந்து தை. உனக்கும் சுகம்தானே."

"வீட்டில இருந்து தைச்சா எத்தின மணிக்கு எழும்பினாலும் ஒண்டுதான் முதலாளி. அம்மா கூப்பிட்டா அடுப்பைப் பாக்கணும், அண்ணி கூப்பிட்டா புள்ளையப் பாக்கணும். நான் வேலைக்குப் போறவ எண்டு ஆர் சொல்லுவா?"

"நான் உன்ர நல்லதுக்குச் சொன்னன்."

"எனக்குத் தெரியும். அந்தக் கக்கூஸுக்குப் போக ஒரு வழி போட்டுத் தாங்க. அதுவும் நல்லதுதான்."

அவர் வெளியே பார்த்தார். "நிலைமை சரியாகட்டும், பாப்பம்," என்றார்.

அவர் போன பிறகு ராத்தாவுக்குக் கோபம், உங்கள் மேல். "நாங்க இத்தின பேர் இருக்கம். ரெண்டு பேர் தூக்கினாப் போச்சு. எங்கட கை என்ன அழுக்கா புள்ள?"

"தூக்கிற ரெண்டு பேரும் ஒருநாள் லீவு போட்டா?"

"வேற ரெண்டு பேர் தூக்குவம்."

"நீங்க கக்கூஸுக்குப் போக ஆரிட்டயும் கேட்டுப் போறீங்களா ராத்தா?"

ராத்தா வெட்டிக்கொண்டிருந்த துணியின் பக்கம் திரும்பினார். பொத்தான் தைக்கும் பிள்ளை மெல்லக் கேட்டது, வீட்டில் தவழ்ந்து போவீர்களாமே, இங்கேயும் அப்படிப் போனால் என்ன என்று. நீங்கள் அவளைத் திட்டவில்லை. "வீட்டில தவழுவன். வேலைக்கு வந்த இடத்தில தவழமாட்டன்," என்றீர்கள். பிறகு மிஷினைச் சுற்றத் தொடங்கிவிட்டீர்கள்.

அடுத்த நாள் காலை ராத்தா ஒரு கட்டு வெறும் அரிசிச் சாக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். மாரியில் வெள்ளம் வந்தால் நாங்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்குவோம், அது போலத்தான் என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் வாவிக் கரை மணலை அள்ளி, சாக்குகளில் நிரப்பி, வாயைத் தைத்தோம். தைக்கிறதற்கு எங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா. படிகளை மூடிச் சரிவாக அடுக்கி, மேலே பழைய பலகைகளைப் போட்டோம். கதவைக் கழற்றினோம். வண்டி வந்து நிற்கும் இடத்தையும் சேர்த்து மறைக்கிற மாதிரிப் பூப்போட்ட துணியில் அகலத் திரை தைத்துத் தொங்கவிட்டோம். உங்கள் வீட்டில் இருந்து நடுவில் ஓட்டை வெட்டிய பலகை நாற்காலி வந்தது.

அன்று நீங்கள் தேநீரை வாங்கி, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மூச்சு விடாமல் குடித்தீர்கள். "இன்னொண்டு ஊத்து," என்று பேணியை நீட்டினீர்கள். "பெருநாள் வந்துட்டு," என்றார் ராத்தா.

அக்கா, அடுக்கும்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மணல் மூட்டை என்றால் எங்களுக்கு வெள்ளம். துவக்கோடு நடக்கிறவர்களுக்கு அது வேறு ஒன்று.

முதலாளி துணி எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்த நாள் அது. வாவிக் கரையால் வந்த ரோந்து, இயக்கம் இருந்த அக்கரையைப் பார்த்தபடி எங்கள் முற்றத்தில் மணல் மூட்டைகள் அடுக்கியிருப்பதைக் கண்டது. நாய்கள் குரைத்தன. பின் கதவு உதைபட்டுத் திறந்தது. "பங்கர்! பங்கர்!" என்று ஒருவன் கத்தினான். மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. எங்களை முற்றத்துக்கு இழுத்துச் சுவரோரமாக நிறுத்தினார்கள். உங்களை வண்டிக்கு மாறவிட்டு, வண்டியோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அவர்களின் அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். மூட்டைகளைச் சப்பாத்தால் தட்டிக்கொண்டு, "யாரு கட்டினது? யாருக்கு?" என்று கேட்டான்.

ஒருவரும் பேசவில்லை. பயம் ஒரு பக்கம். அத்தனை ஆண்களுக்கு முன்னால் அது எதற்கு என்று எப்படிச் சொல்வது என்ற வெட்கம் மறுபக்கம். நீங்கள் வாயெடுத்தீர்கள். உங்கள் பக்கத்தில் நின்றவன் "கட்ட வஹபன்!" என்று வாயை மூடச் சொல்லிச் சிங்களத்தில் சத்தம் போட்டு, துவக்கை உங்கள் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். எங்கள் மௌனத்தை அதிகாரி குற்றமாக எடுத்தான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றான். என் வயதுப் பெண்பிள்ளைகள் மேல்தான் அவர்களுக்குச் சந்தேகம் அதிகம். என் கையைப் பிடித்துத் திருப்பினான். காலையில் சரிந்த ஒரு மூட்டையைத் திரும்ப அடுக்கியிருந்தேன், விரலிடுக்கில் மணல் ஒட்டியிருந்தது.

"நீ வா," என்றான்.

ராத்தா "அல்லாஹ்" என்றது கேட்டது. என்னை ஒழுங்கைப் பக்கமாக இழுத்தார்கள். அப்படி ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகளின் வீடுகள் எனக்குத் தெரியும். அந்தத் தாய்மார் முகாம் வாசலில் நிற்பதையும் கண்டிருக்கிறேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. திரும்பவும் திறந்தேன்.

"கக்கூஸ்!"

இழுத்தவன் நின்றான். அந்தச் சொல் அவர்கள் பாஷையிலும் உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரியும். நான் உங்களைக் காட்டினேன், உங்கள் வண்டியைக் காட்டினேன், மூட்டைகளைக் காட்டினேன். "கக்கூஸ். அக்காவுக்கு. கக்கூஸ்." அழுதுகொண்டே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி உங்களையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பவில்லை. "செய்து காட்டு," என்றான்.

முற்றத்தில் அத்தனை பேர் நின்றார்கள். நீங்கள் தலையைக் குனியவில்லை. வண்டியைத் திருப்பி, சரிவுக்கு நேராக்கி, சுற்றத் தொடங்கினீர்கள். பாதியில் ஒரு பலகை வழுகி, சில்லு மூட்டைக்குள் புதைந்தது. நான் ஓடி வரப் பார்த்தேன். "தொடாத," என்றீர்கள், திரும்பிப் பார்க்காமல். ஒரு தம் பிடித்து இன்னொரு சுற்று. வண்டி மேலே ஏறியது. திரையை இழுத்து மூடினீர்கள். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது.

ஆமிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்து உங்கள் குரல் வந்தது. "ஐயா, முடியும் வரைக்கும் நிண்டு பாக்கப் போறீங்களா?"

ஒருவன் சிரித்தான். அதிகாரி அவனை முறைத்துவிட்டு முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டான். மற்றவர்களும் திரும்பினார்கள். என் கையை விட்டார்கள். ஆனால் மூட்டைகளை விடவில்லை. நீங்கள் இறங்கி வந்ததும் கத்தியால் ஒவ்வொன்றாகக் கிழித்து உள்ளே தேடினார்கள். மணல் முற்றமெங்கும் கொட்டியது. இனி இங்கே மணல் மூட்டை இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நீங்கள் சொன்னீர்கள்: "ஊமை எண்டு நினைச்சன். உன்ர வாயில இருந்து வந்த முதல் சொல்லைப் பாரு." இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் நான் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

முதலாளி வந்து கேள்விப்பட்டதும் பயந்துபோனார். "நான் அண்டைக்கே சொன்னன். இனி ஒண்டும் வேணாம். வீட்டில இருந்து தை. நிலைமை சரியாகட்டும்."

நீங்கள் மிஷினை நிறுத்தினீர்கள். "நிலைமை சரியாகும் வரைக்கும் என்ர மூத்திரப்பை பொறுக்குமா முதலாளி?"

அவர் முகம் சிவந்தது. "நான் உங்களிட்டப் பிச்சை கேக்கல்ல," என்றீர்கள். "இவங்களுக்கெல்லாம் ஒரு கக்கூஸ் கட்டி வச்சிருக்கிறீங்க. நானும் இவங்களைப் போலதான் தைக்கிறன். எனக்கும் வழி விடுங்க எண்டுதான் கேக்கிறன்." ராத்தா கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். மற்ற மிஷின்களும் ஓடவில்லை. யாரும் யாருக்கும் சொல்லி அப்படிச் செய்யவில்லை.

முதலாளி ஒப்புக்கொண்டார், ஆனால் பங்கர் கட்டுவார்கள் என்று சீமெந்தைத் தடுத்திருந்ததால் ஆமி முகாமில் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. எதற்கு என்று கேட்டால் முதலாளியும் அந்தச் சொல்லைத்தான் சொல்லவேண்டும். அவர் போய் வந்த கோலத்தைப் பார்த்து நீங்கள் அடக்கமுடியாமல் சிரித்தீர்கள். செங்கல்லும் சீமெந்துமாகச் சரிவு எழும்பியது. அந்த மாரியில் முற்றத்தில் தண்ணீர் நின்றபோது, சில்லு பாதி நனைய நீங்கள் அதில் ஏறிப் போனீர்கள்.

ஆனால் சிறுநீரகம் முன்பே கெட்டிருந்தது. சரிவு பிந்தித்தான் வந்தது, அக்கா. கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது முகம் வீங்கியிருந்தது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "இந்த வார்டுக் கக்கூஸுக்கும் படிதான் புள்ள," என்றீர்கள். சிரிக்கப் பார்த்தீர்கள். அதற்கு அடுத்த கிழமை நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் உங்கள் வீட்டுக்கு வந்தோம்.

ஒரு மாதம் போனது. துணிக்கட்டுகள் வைக்க இடம் போதவில்லை என்று முதலாளி மேசனைக் கூட்டி வந்தார். சரிவை உடைத்து அதில் ஒரு கொட்டில் போட, பழைய கதவைத் திரும்பப் பூட்ட. பின் முற்றத்தில் சம்மட்டிச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. நான் போய்ச் சரிவின் மேல் நின்றேன்.

"என்ன புள்ள, தள்ளு," என்றார் முதலாளி.

நான் தள்ளவில்லை.

"இனி இது ஆருக்கு? அந்தப் புள்ளைதான் போயிட்டே."

"வாறவக்கு," என்றேன்.

"ஆர் வாறா?"

"தெரியா. வாறவ வந்து கேட்டுத்தான் கட்டணுமா?"

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். என் சத்தம் அவருக்கும் புதிது. "அவள் கேட்டாள், கட்டினன். இப்ப கேக்க ஆளில்ல."

"நான் கேக்கிறன்."

மேசன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தான். அவன் அதை முடிக்கும் வரைக்கும் முதலாளி முற்றத்தை அளந்து நடந்தார். பிறகு, "கொட்டிலை முன்பக்கம் போடு," என்றார்.

இப்போது எங்கே போனாலும் என் கண் முதலில் படிகளைத்தான் பார்க்கிறது. தபால் கந்தோர், சங்கக்கடை, வாவியைக் கடக்க ஏறும் மிதவைப் பாதையின் ஏறு பலகை. ஏறிப் போய்விடுகிறேன், ஆனால் எண்ணாமல் ஏற முடிவதில்லை. போன கிழமை அம்மாவோடு ஒரு வங்கிக்குப் போனேன். வாசலில் உயரமான படிகள். காவலுக்கு நின்றவரிடம், வண்டியில் வருகிற ஆள் எப்படி ஏறுவது என்று கேட்டேன்.

"உன்ர வீட்டில ஆரும் அப்பிடி இருக்கா?" என்றார்.

"இல்ல."

"மறுகா ஏன் கேக்கிறாய்?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது, அக்கா, ஆனாலும் அம்மாவின் பிடியில் இருந்து கையை விடுவித்துக்கொண்டேன்.

"மனேஜர் இருக்காரா?" என்று கேட்டேன்.